ஆலய வளவுக்குள் கிளித்தட்டு மறிக்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: கல்முனைக்குத் தெற்கே, கடலோரக் கிராமமொன்றின் மெதடிஸ்த சபையில் ஓய்வுநாள் பாடசாலை நடத்தும் ஆசிரியை கேட்கிறார். பிள்ளைகள் நாற்பது பேரளவில், ஆறு வயது முதல் பதினாலு வரை. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவர்களை ஆலய வளவுக்குள் விளையாட விடுகிறார். "என்னகா இது, தேவனுடைய வீட்டு முத்தத்தில கூச்சலும் கும்மாளமும்?" என்று சபையில் மூத்தவர்கள் சிலர் குறைப்படுகிறார்கள். விசுவாசத்தில் விளையாட்டுக்கும் சிரிப்புக்கும் உண்மையில் இடமுண்டா, இருந்தால் எப்படி ஒழுங்காக நடத்துவது, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த நாளைக் குதூகலமாகக் கொண்டாடலாமா என்று கேட்கிறார்.

இடமுண்டு. வேதாகமத்திலும் உண்டு, திருச்சபை மரபிலும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துச் சபைகளில் உள்ள குறை வேறு. சந்தோஷத்துக்குப் பஞ்சமில்லை: நத்தாருக்கு வீடு வீடாய்ப் பாட்டு, பாலன் குடில், பாடசாலைகளில் ஒளிவிழா, ஆயித்தியமலை மாதாவுக்குக் கால்நடை யாத்திரை, புதுவருடத்துக்கு முட்டி உடைத்தல் என்று ஏதாவது நடந்துகொண்டேயிருக்கிறது. அந்த ஒவ்வொன்றையும் போட்டியாக அறிவித்து, மேடை கட்டி, மைக் பூட்டி, அதிதிகளைக் கூப்பிட்டு, பரிசு கொடுத்து முடிப்பதுதான் எங்களைப் பிடித்த வருத்தம். குடில் போட்டி, கரோல் போட்டி, வசனம் ஒப்புவிக்கும் போட்டி. பரிசு நுழைந்ததும் விளையாட்டு வேலையாகிவிடுகிறது. மூத்தவர்களின் முகச்சுளிப்பைவிட இதுதான் பிள்ளைகளின் சந்தோஷத்தை அதிகம் தின்கிறது.

மூத்தவர்களின் பக்கத்தை முதலில் எடுப்போம். அவர்கள் சும்மா சொல்லவில்லை. நாலாம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம், மத்தேயு சுவிசேஷம் பற்றிய ஆறாவது பிரசங்கத்தில், இயேசு அழுததாக எழுதியிருக்கிறதே தவிர சிரித்ததாக எங்கும் இல்லை என்று காட்டுகிறார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ற் எழுதிய துறவற ஒழுங்கு, சிரிப்பு மூட்டும் பேச்சைத் தடை செய்கிறது. மெதடிஸ்தர்களுக்கு இன்னும் கிட்டிய சாட்சி உண்டு. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1748இல் இங்கிலாந்தின் கிங்ஸ்வூட்டில் பாடசாலை திறந்தபோது எந்த நாளிலும் விளையாட்டுக்கு நேரமில்லை என்று விதி வைத்தார். சின்னனில் விளையாடுகிறவன் பெரியவனாகியும் விளையாடுவான் என்பது அவர் நியாயம். அதே வெஸ்லிதான் 1761இல் பாடுவதற்கு எழுதிய அறிவுரையில், பாதி செத்தவர் போலவும் பாதி நித்திரையில் இருப்பவர் போலவும் பாடாதீர்கள், துணிந்து குரலெடுத்துப் பாடுங்கள் என்கிறார். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ற் மட்டக்களப்பில் வந்திறங்கியபோது இந்த இரண்டு குணமும் சேர்ந்தே வந்திறங்கியிருக்கும். உங்கள் சபை மூத்தவர்களிடம் நீங்கள் பார்ப்பது அதில் ஒரு பாதி.

அவர்கள் வழக்கமாகக் காட்டும் வசனங்கள் மூன்று. முதலாவது 1 கொரிந்தியர் 10:7: ஜனங்கள் "புசிக்கவும் குடிக்கவும் உட்கார்ந்து, விளையாட எழுந்திருந்தார்கள்." இது யாத்திராகமம் 32இல் இருந்து வருகிறது, அங்கே குற்றம் பொன் கன்றுக்குட்டி. அதே புத்தகத்தின் 15ஆம் அதிகாரத்தில், செங்கடலைக் கடந்த கையோடு மிரியாம் தம்புரை எடுக்க, பெண்களெல்லாம் நடனத்தோடு அவள் பின்னால் போகிறார்கள். கண்டிப்பார் இல்லை. யாருக்கு முன்னால் ஆடுகிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. இரண்டாவது எபேசியர் 5:4, "வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள்." முந்திய வசனத்தை வாசித்தால் பவுல் எதைச் சொல்கிறார் என்று தெரியும்: வேசித்தனம், அசுத்தம், பொருளாசை. ஆபாசப் பகிடியையும் ஆளை நோகடிக்கும் நக்கலையும் அவர் தடுக்கிறார், அதில் மூத்தவர்கள் சொல்வது முழுக்கச் சரி. மூன்றாவது லூக்கா 6:25, இப்பொழுது நகைக்கிறவர்களுக்கு ஐயோ என்பது. அது திருப்தியாய் உண்டு கொழுத்திருப்பவர்களைப் பார்த்துச் சொன்னது. நாலு வசனம் முன்னால் அழுகிறவர்களுக்கு இயேசு கொடுக்கும் வாக்குறுதி என்ன? "இனி நகைப்பீர்கள்."

இந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் நன்றாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தோமஸ் அக்குவினாஸ் தம் பெரிய இறையியல் தொகுப்பில் விளையாட்டில் நற்பண்பு உண்டா என்று கேட்டு, கிறிசோஸ்தோமையே எதிர்த்தரப்பாக நிறுத்துகிறார். துறவி கசியான் சொன்ன ஒரு கதையை விடைக்கு எடுக்கிறார். அப்போஸ்தலன் யோவான் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு ஒருவர் இடறலடைந்தார். அவர் கையில் வில் இருந்தது. அம்பு விடச் சொன்னார் யோவான். பலமுறை விட்டபின், இதைத் தொடர்ந்து செய்துகொண்டேயிருப்பாயா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அப்படித்தான் என்றார் யோவான். இதன் பிறகு அக்குவினாஸ் மூன்று நிபந்தனை வைக்கிறார்: அசிங்கமானதிலோ தீங்கானதிலோ இன்பம் தேடக்கூடாது, மனத்தின் நிதானம் முழுக்கக் கைவிட்டுப் போகக்கூடாது, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். அதோடு விடவில்லை. தானும் சிரிக்காமல் மற்றவரின் மகிழ்ச்சிக்கும் தடையாக நிற்பது ஒரு குற்றம் என்றும் எழுதுகிறார். இந்தக் கடைசி வரியை மூத்தவர்களிடம் எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம். மூன்று நிபந்தனைகளைச் சொல்லுங்கள், அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் விளையாட்டு ஞாயிறுக்கு எழுத்தில் விதி வேண்டுமென்றால் அந்த மூன்றும் போதும்.

வேதாகமம் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது பலர் தவறவிடும் ஒன்று. சங்கீதம் 104:26: "அதிலே கப்பல்கள் ஓடும், அதிலே விளையாடும்படி நீர் உண்டாக்கின லிவியாதானும் உண்டு." அவ்வளவு பெரிய கடல் மிருகத்தைக் கடவுள் எதற்குப் படைத்தார்? விளையாட. வேறு பயன் சொல்லப்படவில்லை. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் பௌர்ணமி இரவில் தோணியில் போகிறவர்களுக்கு இது விளங்கும். (1950களில் அந்த ஒலியை நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவுசெய்தவர் ஒரு யேசு சபைக் குரு, அமெரிக்கரான லாங் அடிகளார். பயன் கேட்டிருந்தால் அவரிடமும் விடை இருந்திருக்காது.) சகரியா 8ஆம் அதிகாரத்தில், அழிந்த எருசலேம் மீண்டதற்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி காட்டுவது கோட்டையை அல்ல, தெருவில் விளையாடும் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும். இடம்பெயர்ந்து திரும்பிய எந்தக் கிராமத்துக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. மத்தேயு 11:17இல் இயேசு சந்தையில் விளையாடும் பிள்ளைகளின் முறைப்பாட்டையே எடுத்துப் பேசுகிறார்: "உங்களுக்காகக் குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை." பிள்ளைகளின் விளையாட்டை நின்று பார்த்த ஒருவர்தான் அப்படிப் பேச முடியும்.

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தை எடுங்கள். ஆறு கற்சாடி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். இன்றைய அளவில் மொத்தம் ஏறத்தாழ 470 முதல் 700 லீற்றர் வரும். ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்கு, அதுவும் விருந்தின் பிற்பாதியில், இது தேவைக்கு எவ்வளவோ மிஞ்சியது. மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீட்டில் வயலின் எழும்பிக் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கோவிலில் கல்யாணம் முடித்து, அதே உடுப்போடு வந்து ஆடுகிறார்கள். பக்திக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் வேலி போட அவர்களுக்குத் தோன்றியதில்லை. கணக்குப் பார்க்கிறவன் லூக்கா 15இல், கெட்ட குமாரன் உவமையில் வருகிறான். வீட்டுக்குள் பாட்டும் நடனமும் கேட்டு வெளியே நின்ற மூத்த மகனின் முறைப்பாடு, இவ்வளவு காலம் உழைத்தேன், எனக்கு "ஒரு ஆட்டுக்குட்டியையாவது" தரவில்லையே என்பது. அவன் கேட்டது பரிசு. தகப்பன் நடத்தியது விருந்து. நாங்கள் பிள்ளைகளுக்கு எதைப் பழக்குகிறோம் என்று இங்கே யோசிக்க வேண்டும்.

போட்டியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கிளித்தட்டிலும் வெற்றி தோல்வி உண்டு. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுக்கும். வழிபாட்டையும் விளையாட்டையும் பிரிக்காத மண் இது. யூஜின் ஹெபர்ட் அடிகளார் கிழக்கில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போன அவருடைய பெயரில் நகரில் ஒரு உள்ளக விளையாட்டரங்கு நிற்கிறது. அவர் பழக்கிய பிள்ளைகள் வெல்லத்தான் விளையாடினார்கள். கோட்டுக்குள் வருகிற வெற்றி கோட்டோடு முடியும். பரிசுக் கிண்ணம் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறது, தாய்மார் நடுவரோடு சண்டைக்கு வருகிறார்கள், அடுத்த முறை கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் ஆசிரியர்களே பொறுக்கி எடுக்கிறார்கள். ஓய்வுநாள் பாடசாலையில் பரிசை நிறுத்திப் பாருங்கள். முதல் மாதம் "என்ன தருவீங்க மிஸ்?" என்று கேட்பார்கள். மூன்றாம் மாதம் கேட்க மாட்டார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

நேரம் பின்னேரம் 4 மணி முதல் 5.30 வரை. அதற்கு முன் மணல் சுடும். டிசம்பரில் ஆறுமணிக்கு முன்பே இருட்டிவிடும், பிள்ளைகள் வெளிச்சத்தில் வீடுபோய்ச் சேர வேண்டும். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று ஐந்து பேர், அதில் குறைந்தது இரண்டு பெண்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய இடத்தில் தனியே இருக்கக்கூடாது. கழிப்பறைக்கும் இரண்டு பிள்ளைகளாகவே அனுப்புங்கள். தூக்கிப் போடுவது, கூச்சம் காட்டுவது போன்ற "செல்ல" விளையாட்டுகள் பெரியவர்களுக்கு வேண்டாம். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஆலய உடுப்போடு விளையாட விடாதீர்கள். வெள்ளைச் சட்டை ஊத்தையானால் வீட்டில் ஏச்சு, அடுத்த மாதம் பிள்ளை வராது. மாற்றுடுப்போடு வரச் சொல்லி முதல் கிழமையே அறிவியுங்கள்.

நாற்பது பேரையும் ஒரே விளையாட்டில் விடுவதுதான் முதல் பிழை. பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள், நிற்கிற பிள்ளை அடிபடத் தொடங்கும். மூன்றாகப் பிரியுங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கண்கட்டி, குலைகுலையாய் முந்திரிக்காய். நடுத்தரத்துக்குக் கிளித்தட்டு. மீதிப் பேருக்கு நிழலில் கொக்கான், பல்லாங்குழி, ஊமை நாடகம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து விரும்பியவர்களை மாற விடுங்கள். கட்டாயம் மாற வேண்டும் என்றில்லை. கொக்கானில் ஊறிப்போன பிள்ளையை எழுப்பாதீர்கள்.

கிளித்தட்டுக்குப் பணம் தேவையில்லை, அதனாலேயே அது ஆலய வளவுக்கு ஏற்றது. 15 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். நடுவே ஒரு நெடுங்கோடு, மூன்று மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள். பக்கத்துக்கு ஆறு பேர்: குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் மறிக்க, முதல் கோட்டையும் நெடுங்கோட்டையும் கிளி (மறிக்கும் பக்கத்தின் தலைவர்) பார்க்கும். மிகுதி விதி ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விதி எதுவோ அதையே வையுங்கள், ஆனால் தொடங்குமுன் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள், சண்டையில் பாதி அங்கேதான் பிறக்கிறது. கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம், வெறுங்காலும் கண்ணும் எரியும். உமிச் சாம்பல் ஒரு வாளி போதும். வேகமில்லாத பிள்ளையைக் கடைசிக் கோட்டில் விடுங்கள். அங்கே வருவதற்குள் எதிராளி களைத்துவிடுவான், மறிப்பது சுலபம், அந்தப் பிள்ளைக்கும் பேர் கிடைக்கும். பக்கம் பிரிக்க இரண்டு தலைவர்கள் நின்று ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும் முறையைக் கைவிடுங்கள். கடைசியாக எஞ்சும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். பிறந்த மாதம் ஒற்றை, இரட்டை என்று பிரிக்கலாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் தாமாகவே ஓரத்துக்குப் போய்ப் பார்வையாளராகிவிடுவார்கள். "வாங்க வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டால் இன்னும் ஒடுங்குவார்கள். அவர்களில் இருவரிடம் நடுவர் விசிலைக் கொடுங்கள், அடுத்த சுற்றில் அவர்களே இறங்குவார்கள். பெண்கள் மட்டும் ஆடும் ஒரு சுற்றும் வையுங்கள்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. வேண்டவே வேண்டாம். மைக் பிடித்தவர் பகிடி விடத் தொடங்குவார், அந்தப் பகிடி எப்போதும் விழுந்த பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கும். பவுல் தடுத்த பரியாசம் இதுதான். ஆசிரியர் விழுந்தால் எல்லாரும் சிரிக்கலாம். பிள்ளை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் தூக்கிவிடுவார், அவ்வளவே. மேடைக்குப் பதில் களரியை நினையுங்கள். எங்கள் கூத்தில் வட்டக்களரியைச் சுற்றி ஊர் உட்காரும், முன்வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. ஒரு அண்ணாவியாரை முறைப்படி வெற்றிலை வைத்து அழைத்து, பிள்ளைகளுக்கு வசந்தன் ஆட்டம் பழக்கக் கேளுங்கள். கோலோடு கோல் அடித்து ஆடுவதால் இரட்டைப்படை எண்ணிக்கை வேண்டும், கூச்சமுள்ள பிள்ளைகூட வட்டத்துக்குள் மறைந்து நின்று ஆடிவிடும். பாட்டை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மத்தளமும் சல்லரியும் கேட்டால் மூத்தவர்களின் கால் தானாகத் தாளம் போடும், குறைசொல்ல வந்தவருக்கும்.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். நாற்பது பேருக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 2 கிலோ, முதல்நாள் இரவே ஊறவைத்து அவித்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தால் போதும். தேசிக்காய்த் தண்ணி 8 லீற்றருக்கு 20 தேசிக்காய், முக்கால் கிலோ சீனி, இரண்டு தேக்கரண்டி உப்பு. வெறும் தண்ணீர் இன்னும் 20 லீற்றர் தனியாக. முடிந்தபின் ஒரு பங்கு கட்டி வர முடியாத ஒருவர் வீட்டுக்கு, படுக்கையில் இருக்கும் அப்பம்மாவுக்கோ காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கோ, அனுப்புங்கள். நெகேமியா 8:10 கொழுமையானதைப் புசிக்கச் சொல்லிவிட்டு உடனே, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பச் சொல்கிறது. "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்று சுவரில் எழுதி வைக்கும் வசனத்தின் முன்பாதி அது. அந்தப் பங்கைக் கொண்டுபோவது பிள்ளைகளாகவே இருக்கட்டும்.

விளையாட்டின் முடிவில் "இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன?" என்று கேட்க வேண்டாம். இது ஆசிரியர்களால் அடக்கிக்கொள்ள முடியாத ஆசை, தெரியும். ஆனால் புழுவுக்குள் தூண்டில் இருக்கிறது என்று மீனுக்குத் தெரிந்தபின் அது வராது. வழிபாடு தன்னையே விளையாட்டோடு ஒப்பிட்டவர் கத்தோலிக்க இறையியலாளர் ரொமானோ குவார்டினி. வழிபாட்டுக்கு வெளிப்பயன் என்று ஒன்றில்லை, பொருள் இருக்கிறது, பிள்ளைகள் விதியைக் கண்ணும் கருத்துமாய்க் காத்து விளையாடுவது போலவே கடவுள் முன் நிற்கிறோம் என்று 1918இல் எழுதினார். இரண்டும் ஒரே குணமுள்ளவை என்பதால் ஒன்றை மற்றதற்குள் கலக்கவும் தேவையில்லை. திருவிருந்து ஆராதனையின் நடுவில் பகிடியும் கைதட்டல் விளையாட்டும் வைப்பது இரண்டையும் கெடுக்கும். ஜெபித்துத் தொடங்குங்கள், ஜெபித்து முடியுங்கள், நடுவில் விட்டுவிடுங்கள்.

வகுப்புக்குள் சிரிப்பு வேறு விதமாக வரும், வேதாகமமே தரும். பிலேயாமின் கழுதை தீர்க்கதரிசியைவிடத் தெளிவாகப் பார்க்கிறது (எண்ணாகமம் 22). நினிவேயில் மிருகங்களும் இரட்டுடுத்துகின்றன (யோனா 3:8); எருமை மாட்டுக்குச் சாக்குக் கட்டிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். ரோதை என்ற வேலைக்காரப் பெண் பேதுருவின் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள், பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டேயிருக்கிறார் (அப்போஸ்தலர் 12). பவுலின் நீண்ட பிரசங்கத்தில் நித்திரையாகி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகுவை (அப்போஸ்தலர் 20:9) போதகர் ஐயாவிடமே வாசிக்கக் கொடுக்கலாம். ஊமை நாடகத்துக்கு ஐந்து பேர் குழு, ஆயத்தத்துக்கு ஐந்து நிமிடம், நடிப்புக்கு இரண்டு நிமிடம். அதற்கு மேல் கொடுத்தால் உடுப்புத் தேடி ஓடுவார்கள்.

பிரசங்கத்தில் பகிடிக்கு மட்டும் அளவு வேண்டும். ஜெர்மன் பேசும் நாடுகளில் உயிர்த்த ஞாயிறன்று சபையைச் சிரிக்க வைப்பது குருமாரின் வழக்கமாக இருந்தது. போகப்போக அது கொச்சையாகி, 1518இலேயே இறையியலாளர் எக்கொலம்பாதியுஸ் அதைக் கண்டித்து எழுதினார். சிரிக்க வைத்தே தீர வேண்டும் என்று வந்தால் அங்கேதான் போய் முடியும்.

பதின்மூன்று, பதினாலு வயதில் பிள்ளைகள் நழுவிப் போவதற்குக் காரணம் அவர்களை இன்னமும் பிள்ளைகளாக வைத்திருப்பது. பின்னாளில் சலேசிய சபையை நிறுவிய டொன் பொஸ்கோ பதினேழு வயது மாணவனாக இருந்தபோது, 1832இல் கியேரி நகரில், நண்பர்களைச் சேர்த்து மகிழ்ச்சிச் சங்கம் ஒன்று தொடங்கினார். விதி இரண்டே: கிறிஸ்தவனுக்குத் தகாத சொல்லும் செயலும் இல்லை, படிப்புக் கடமையையும் சமயக் கடமையையும் சரியாகச் செய்தல். மிகுதி நேரம் வித்தை, கயிற்றில் நடை, பாட்டு. நடத்தியது பெரியவர்கள் இல்லை. உங்கள் பதினாலு வயதுக்காரரிடம் கோடு போடும் வேலை, பக்கம் பிரிக்கும் வேலை, தண்ணீர்க் கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பிழை விடுவார்கள், விடட்டும்.

கரோல் சுற்றுக்கும் இதே கணக்குத்தான். வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு சிறு ஜெபம், பத்து நிமிடத்துக்குள் வெளியே. ஓர் இரவில் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் வைத்தால் கடைசி வீடுகளுக்குக் கிடைப்பது அடைத்த தொண்டைதான். மாரி மழைக்காலம் என்பதால் கிற்றாருக்கும் டோலக்குக்கும் பொலித்தீன் உறை முன்பே தைத்து வையுங்கள். பள்ளிவாசலைக் கடக்கும் பாதை என்றால் இஷாத் தொழுகை நேரத்தைக் கேட்டு அறிந்து, அந்த நேரத்தில் அந்தத் தெருவைத் தவிருங்கள். துக்க வீட்டைத் தாண்டிப் போகும் வழக்கம் எங்களிடம் உண்டு, மரியாதை என்று நினைத்துச் செய்வது. அதற்குப் பதில் இரண்டு நாள் முன்பே ஒருவர் போய், "வரட்டுமா?" என்று கேளுங்கள். வரச் சொன்னால் நத்தார் தாத்தாவும் டோலக்கும் படலைக்கு வெளியே நிற்க, ஒரு மெதுவான பாட்டு. சீனவெடி வேண்டாம். பலூன் உடைக்கும் விளையாட்டும் வேண்டாம். திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும் மனிதர்கள் இந்தக் கரையோரத்தில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வழி இங்கேதான் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒரு சபை உயிர்த்த ஞாயிறில் ஆரவாரம் செய்யத் தயங்கினால் அது நோயில்லை, நினைவு. ஆனால் சந்தோஷமும் துக்கமும் அடுத்தடுத்து நிற்பது எங்களுக்குப் புதிதுமல்ல. டிசம்பர் 25 நத்தார், 26 கடல் வந்த நாள். 2004இல் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இருபது வருடமாக 25ஆம் திகதி பாடி, 26ஆம் திகதி காலை 9.25க்கு எழுந்து நின்று மௌனம் காக்கும் சபைகள் இவை. இரண்டையும் ஒரே நிகழ்ச்சிக்குள் திணிக்காமல் அடுத்தடுத்து வைப்பதால்தான் இரண்டும் முழுதாக இருக்கின்றன. "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று உரோமர் 12:15 சொல்லும் வரிசையும் அதுதான்.

ஆகவே உயிர்த்த ஞாயிறு காலையில் ஆராதனை தொடங்குமுன் பெயர் சொல்லி நினைவுகூருங்கள், மெழுகுதிரி ஏற்றுங்கள், பிறகு "உயிர்த்தெழுந்தார்" என்று வாய்விட்டுப் பாடுங்கள். விளையாட்டை அன்றைக்கு வைக்காமல் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளுங்கள். உயிர்ப்புக் காலம் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள், தபசு காலத்தைவிட நீளமானது. நாற்பது நாளுக்கும் கிழமைக்கொரு நிகழ்ச்சி வைக்கும் நாங்கள், இந்த ஐம்பது நாளைத் திங்கட்கிழமையோடு மறந்துவிடுகிறோம். உங்கள் விளையாட்டு ஞாயிறுகளில் இரண்டை இந்தக் காலத்துக்குள் வையுங்கள். கத்தோலிக்கப் பங்குகளுக்கு இன்னும் இரண்டு நாள் மரபிலேயே இருக்கிறது: திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தபசு காலத்தின் நாலாம் ஞாயிறும். குரு ரோசா நிற உடை அணியும் அந்த ஞாயிறுகள், தவத்தின் நடுவே மகிழ்வதற்கென்றே வைத்தவை.

குறைசொல்லும் மூத்தவர்களோடு வசனச் சண்டை போடுவதைவிட, சகரியா 8:4ஐ நடத்திக் காட்டுங்கள். பிள்ளைகள் விளையாடும் தெருவில் கிழவரும் கிழவியரும் கையில் தடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் அந்த வசனத்தில். வேப்பமர நிழலில் பத்துக் கதிரை போட்டு, தேசிக்காய்த் தண்ணியை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். கொக்கான் கல்லை எப்படிப் பொறுக்குவது, பல்லாங்குழியில் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று பிள்ளைகளை அவர்களிடமே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். இன்றைய ஆசிரியர்களில் பலருக்கு அது தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

பரிசுக்கென்று சபை ஒதுக்கிய பணம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த வருடம் கிடைக்காது. இழுப்பதற்கு 20 மீற்றர் தடித்த கயிறு ஒன்று, பந்து இரண்டு, முதலுதவிப் பெட்டி ஒன்று, மழைக்கு ஒரு தறப்பாள் என்று வாங்குங்கள். பற்றுச்சீட்டுகளை ஒட்டி, சபைக் கூட்டத்தில் ஆசிரியர்கள் வாசிக்காமல் பதினாலு வயதுக்காரர் ஒருவரை வாசிக்க வையுங்கள்.